ஆயிரத்து ஐந்நூற்று ஆறு

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கவிழ்த்து வையுங்கள், தம்பி. கோபிக்க வேண்டாம். அட்டையில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் நெல்லியடியில் பஸ் ஏறியதிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வருகிறார். ஓம், நான்தான். படம் எடுத்துப் பதின்மூன்று வருடம். தலையில் அப்போது இருந்தது இப்போது இல்லை, அதனால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. கழுத்துப்பட்டி என்னுடையதல்ல, ஸ்ரூடியோக்காரருடையது. எங்கள் பக்கத்து ஆசிரியர்மார் பாதிப்பேர் அந்த ஒரே கழுத்துப்பட்டியோடுதான் சுவரொட்டிகளில் நிற்கிறோம். உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு கறை தெரியும்.

மகளுக்கோ என் கையேட்டை வாங்கினீர்கள்? இந்த முறை உயர்தரச் சோதினை எடுக்கிறாவோ? வரலாறு எடுத்தது நல்லது. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போய் டச்சுக்காரன் கட்டிய கோட்டையெல்லாம் காட்டினீர்கள் என்றால் அதுவும் நல்லது. ஆனால் தம்பி, முதலில் கட்டியது போர்த்துக்கேயர். நாற்சதுரமாகக் கட்டினார்கள். ஒல்லாந்தர் பிறகு வந்து அதைத் தட்டிவிட்டு ஐந்து மூலையாகக் கட்டினார்கள். ஆகவே டச்சுக் கோட்டை என்பது பாதிதான் சரி.

பார்த்தீர்களா, இதுதான் என் வியாதி. நீங்கள் ஆசையாக ஒரு கதை சொல்ல வந்தீர்கள், நான் மூலையை எண்ணுகிறேன். என் மனைவி கலியாணப் படத்தைப் பார்த்து அன்றைக்கு வியாழக்கிழமை என்று யாரிடமோ சொன்னதற்குக்கூட நான் அடுக்களையிலிருந்து புதன் என்று கத்தியிருக்கிறேன். புதன்தான். பஞ்சாங்கம் எடுத்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை.

வரணி வரை நான் வருவேன். முக்கால் மணித்தியாலம் இருக்கும். ஒரு விசயம் சொல்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது, உங்களுக்கு என்னை அட்டையில் மட்டும் தெரியும். இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் இதைச் சொல்லலாம்.

நான் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் நெல்லியடியில் ரியூட்டரி வகுப்பு. இருபத்தாறு வருடம். எங்கள் பாடத்தில் பிள்ளைகள் மிகவும் பயப்படுகிற இடம் போர்த்துக்கேயர் வருகை. சம்பவம் சின்னது. பெயர்கள்தான் பெரிது. வைஸ்ராய் பிரான்சிஸ்கோ த அல்மெய்தா, அவர் மகன் லொரென்சோ த அல்மெய்தா. மகன் மாலைத்தீவுப் பக்கம் போகிற முஸ்லிம் வணிகரின் கப்பல்களைப் பிடிக்கப் புறப்படுகிறான், காற்று அள்ளிக்கொண்டு வந்து இலங்கையில் போடுகிறது. ஆண்டு 1505. முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த ஆண்டு. நாட்டில் எந்தப் பாடநூலைத் திறந்தாலும் 1505.

நான் மட்டும் 1506 என்று படிப்பித்தேன்.

நானாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்னமே வாதாடி வைத்த விசயம். வைஸ்ராய் கொச்சிக்கு வந்து சேர்ந்ததே 1505 ஐப்பசி கடைசியில். வந்த கையோடு கொல்லத்தில் தகராறு. மகனை அங்கே அனுப்புகிறார். அப்படியிருக்க, அதே கார்த்திகை நடுவில் மகன் எப்படி இலங்கைக் கரையில் நிற்பான்? கணக்குப் பொருந்தாது. ஆகவே அடுத்த வருடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு சாராரின் முடிவு. மறுசாரார் இன்றும் 1505 என்கிறார்கள். நான் முதற்சாரார்.

இதை வகுப்பில் சொல்வதற்கென்று ஒரு வசனம் வைத்திருந்தேன். ‘தகப்பன் கொச்சியில் கால் ஊன்ற முன்னம் மகன் காலியில் கால் ஊன்றியிருக்க முடியாது.’ சொல்லிவிட்டு ஒரு விநாடி நிறுத்துவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். வருடா வருடம் அதே இடத்தில் நிறுத்தி, அதே இடத்தில் சிரிக்க வைத்தேன். அவன் காலித் துறைமுகத்தில்தான் முதலில் இறங்கினானா, கொழும்பிலா என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அதை விட்டுவிட்டேன். வசனத்துக்குக் காலிதான் பொருந்தியது. உண்மையின்மேல் எனக்கு இருந்த பிடிமானம் எவ்வளவு என்று இதிலேயே உங்களுக்கு விளங்கும்.

நான் சொல்ல வந்த வருடம் ரியூட்டரி வகுப்பில் நாற்பத்து நான்கு பேர். அதில் நாற்பத்து மூன்று பேர் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாடநூலில் உள்ள 1505ஐப் பாடமாக்கினார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தாள்.

நிதுர்சனா என்று பெயர். அந்தப் பெயருக்கு நான் அறிந்த எந்த மொழியிலும் பொருள் கிடையாது. எண்சாத்திரக்காரர் எழுத்துக் கூட்டிக் கொடுத்தது. முதல் நாளே அதை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. ‘தெரியும் சேர், நானும் தேடிப் பாத்தனான்’ என்றாள். துன்னாலைப் பிள்ளை. தகப்பன் மேசன் வேலை. வீட்டில் இவள்தான் மூத்தது, கம்பஸுக்குப் போகக்கூடிய முதலாவது ஆளும் இவள்தான். தமிழும் இந்து நாகரிகமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. வரலாறு மட்டும் ஆசை. ஆசை என்றால், நான் பலகையில் எழுதுகிற திகதியைப் பார்த்து எழுதாமல், ஏன் அந்தத் திகதி என்று கேட்கிற ஆசை.

அன்றைக்கு 1506 சொல்லி முடித்ததும் எழும்பினாள்.

“சேர், அப்ப சோதினையில எதை எழுதுறது?”

தம்பி, இதுதான் முழு விசயமும். இந்தக் கேள்விக்கு இத்தனை வருட அனுபவமுள்ள ஒரு ஆசிரியன் சொல்ல வேண்டிய பதில் என்ன? உங்களுக்கே தெரியும். பாடநூலில் இருப்பதை எழுது, மற்றதை மனதில் வைத்திரு. அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

நான் வெண்கட்டியை மேசையில் வைத்தேன். கையைத் தட்டினேன். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது.

“சரியானதை எழுது” என்றேன்.

பின்வாங்கில் யாரோ கைதட்டினார்கள். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முள்ளி வெளியில் காற்று அடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆசிரியத் தொழில் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நீங்கள் தண்ணீர் குடியுங்கள். நான் கொஞ்சம் சுற்றித்தான் வருகிறேன். போர்த்துக்கேயத் தூதர்களைக் கொழும்பிலிருந்து கோட்டே அரசனிடம் கூட்டிப் போனார்கள் அல்லவா, சில மணித்தியால நடைதான். ஆனால் தலைநகரம் வெகு தூரம் என்று அவர்கள் நம்பட்டும் என்று மூன்று நாள் காட்டிலும் மேட்டிலும் சுற்ற வைத்தார்கள். கப்பலில் நின்றவர்கள் நேரத்துக்கு நேரம் பீரங்கி வெடித்தார்கள். எத்தனை நாள் நடந்தாலும் வெடிச்சத்தம் பக்கத்திலேயே கேட்டது. இந்தக் கதையை வகுப்பில் சொல்வேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். எனக்கு இப்போதெல்லாம் பிடிப்பதில்லை.

சோதினை முடிந்தது. விடைத்தாள் திருத்துவதற்கு வவுனியாவில் ஒரு பாடசாலை மண்டபத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் பதினொரு வருடமாகத் திருத்தப் போகிறவன். இது வெளியே சொல்லக்கூடாத விசயம், இரகசியம் பேணுவதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், ‘அனுபவமிக்க விடைத்தாள் மதிப்பீட்டாளர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முதல் இரண்டு நாளும் யாரும் பேனையைத் திறப்பதில்லை. புள்ளித்திட்டத்தை வரிவரியாக வாசித்து விவாதிப்போம். இந்த விடைக்கு இத்தனை புள்ளி என்று மேலிருந்து வந்திருக்கும். ஆனால் அதுவே முடிவில்லை. ஒவ்வொரு வினா முடிவிலும் பிரதம பரீட்சகர் சபையைப் பார்த்து, வேறு ஏற்கத்தக்க விடை உண்டா என்று கேட்பார். கையை உயர்த்திக் காரணத்தைச் சொன்னால், சபை ஒத்துக்கொண்டால், அதையும் திட்டத்தில் எழுதிக்கொள்வார்கள். பிறகு எந்தப் பிள்ளை அப்படி எழுதியிருந்தாலும் புள்ளி கிடைக்கும். நல்ல வழக்கம். எங்கள் தொழிலில் பிள்ளைகளுக்காக யாராவது வாய் திறக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

அந்த வருடம் பிரதம பரீட்சகர் கைலாயநாதன் சேர். பெரிய மனிதர். குரல் எழுப்ப மாட்டார், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். முதல்நாள் தேநீர் வேளையில் என்னைத் தனியே கூப்பிட்டு, புதிய பாடநூல் எழுதுவதற்கு ஒரு குழு அமைக்கப் போகிறார்கள், ஆள் பரிந்துரைக்கச் சொல்லித் தன்னிடம் கேட்டிருக்கிறார்கள், ‘உம்மட பேரைத்தான் நினைச்சு வைச்சிருக்கிறன்’ என்றார். கடித்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தேன். பாடநூலில் என் பெயர். அதுவும் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், அகரவரிசையில். இலகுநாதன் என்பதால் ‘இ’ முன்னுக்கு வரும்.

இரண்டாம் நாள் போர்த்துக்கேயர் வினா வந்தது. அவர்கள் வந்தபோது இருந்த அரசியல் நிலை அவர்களுக்கு எவ்வாறு சாதகமானது என்பதை ஆராய்க. இருபது புள்ளி. அறிமுகத்துக்கு இரண்டு, அதில் 1505 இருக்க வேண்டும். மிச்சம் காரணங்களுக்கு. அதற்கு முன்னர்தான் மன்னாரிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் எழும்பி ஏதோ ஒரு பெயரைப் பற்றிச் சின்னத் திருத்தம் சொன்னார். ‘ஆராய்ச்சி செய்யிறதெண்டால் கம்பஸில செய்யலாமே’ என்று கைலாயநாதன் சேர் மெதுவாகச் சொன்னார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு கேட்டார்: “வேற ஏற்கத்தக்க விடையள் ஏதும் இருக்கோ? சொல்லுறதெண்டால் இப்ப சொல்லுங்கோ.”

என் கை எழுந்தது, தம்பி. பொய் சொல்லவில்லை. நானாக உயர்த்தியதில்லை, அது தானாகவே எழுந்தது. துன்னாலைப் பிள்ளை வகுப்பில் எழும்பி நின்றது கண்ணுக்குள் வந்தது. கை தோள்மட்டம் வந்துவிட்டது. கைலாயநாதன் சேர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“இலகுநாதன், என்ன?”

“காத்து காணாது சேர்” என்றேன். “ஃபானைக் கொஞ்சம் கூட்டினால் நல்லது.”

யாரோ போய்க் கூட்டினார்கள். மேசைகளில் இருந்த தாள்கள் எல்லாம் பறந்தன. நாற்பது பேரும் ‘ஐயோ ஐயோ’ என்று புள்ளித்திட்டத்தைக் கையால் அமத்திப் பிடித்தார்கள். சிரிப்பு. அந்தச் சிரிப்போடு அந்த வினா முடிந்தது. அடுத்தது ஒல்லாந்தர்.

அதன்பிறகு ஆறு நாள் திருத்தினோம். ஆறாவது நாள் எனக்குத் தந்த கட்டுக்குள் ஒரு விடைத்தாள் வந்தது. பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும். அழகான எழுத்து, சாய்வில்லாமல் நேராக. அந்த வினாவுக்கான விடையின் முதல் வசனம்: ‘தகப்பன் கொச்சியில் கால் ஊன்ற முன்னம் மகன் காலியில் கால் ஊன்றியிருக்க முடியாது.’

ஒன்றரைப் பக்கம். ஐப்பசி கடைசி, கொல்லம், கார்த்திகை நடு, எல்லாம் நான் சொன்ன ஒழுங்கில். நான் நிறுத்துகிற இடத்தில் அவளும் ஒரு பந்தியை முடித்திருந்தாள். அதன் பிறகுதான் கேட்ட கேள்விக்கு வந்தாள். நான்கு காரணத்தில் மூன்று இருந்தது. மூன்றாவது அவசரத்தில் எழுதியது, எழுத்துகள் அப்போதுதான் சாயத் தொடங்கியிருந்தன. நான்காவதற்கு நேரம் போதவில்லை.

எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. தெரிந்த பிள்ளையின் தாள் என்று சந்தேகம் வந்தால் உடனே பிரதம பரீட்சகரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வேறு ஆளுக்கு மாற்றுவார். கொடுத்தால் கேட்பார், எப்படித் தெரியும் என்று. எப்படித் தெரியும் என்று சொன்னால், உந்த 1506ஐ நீர்தானோ படிப்பிச்சது என்று கேட்பார். அப்படியானால் அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை, ஃபானை ஏன் கூட்டச் சொன்னீர் என்று கேட்பார். கேட்டிருக்க மாட்டார். கண்ணாடிக்கு மேலால் பார்த்திருப்பார். அது போதும்.

ஆகவே நானே திருத்தினேன். நீதியாகத் திருத்தினேன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்துப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கத்துக்கும் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் ‘தொடர்பற்றது’ என்று சிவப்பில் எழுதினேன். என் வசனத்துக்கு நானே எழுதினேன். அறிமுகத்துக்குப் பூச்சியம். மொத்தம் எட்டு. இரண்டாவதாகத் திருத்தியவரும் எட்டுத்தான் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. என்ன மனிதனப்பா நான் என்று அப்போது தோன்றவில்லை. நிம்மதிதான் வந்தது.

பாடநூல் குழு என்று கேட்கிறீர்களா? அந்தக் குழு ஒருநாளும் கூடவில்லை. கைலாயநாதன் சேர் அடுத்த வருடம் ஓய்வுபெற்று மகனிடம் கனடாவுக்குப் போய்விட்டார்.

பெறுபேறு வந்தது. தமிழ் ஏ, இந்து நாகரிகம் ஏ, வரலாறு சி. கம்பஸ் வெட்டுப்புள்ளி தசமத்துக்குப் பின்னால் இரண்டாவது இலக்கத்தில் தவறியது. ஒரு கட்டுரைக்கு நான்கு ஐந்து புள்ளி கூட வந்திருந்தால் போயிருப்பாள். எனக்குக் கணக்கு வராது, ஆனால் இதை மட்டும் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரியூட்டரிக்கு வந்தாள். தகப்பனும் வந்தார், சீமெந்துக் கையோடு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அவள் அழவில்லை.

“சேர், நீங்கள் படிப்பிச்சதில ஒரு பிழையும் இல்லை” என்றாள். “எனக்குத்தான் வரலாறு விளங்கேல்லைப் போல.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பிள்ளை, உனக்கு விளங்கியதுதான் பிரச்சினை, மற்ற நாற்பத்து மூன்று பேருக்கும் விளங்கவில்லை, அதனால் தப்பினார்கள் என்று சொல்லியிருக்கலாம். சோதினை இன்னும் இரண்டு முறை எடுக்கலாம், முதல் வரியில் 1505 என்று எழுதிவிட்டு நேரே கேள்விக்குப் போ, ஏ வரும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். இரகசியம் பேணுவதாகக் கையெழுத்து வைத்திருக்கிறேன் அல்லவா. அட்டையில் போடும்போது ஞாபகம் வராத கையெழுத்து அப்போது ஞாபகம் வந்தது.

அடுத்தமுறை பார்ப்பம் பிள்ளை என்றேன். தகப்பனைப் பார்த்துத் தலையாட்டினேன். அவர் கும்பிட்டார்.

அடுத்தமுறை அவள் எடுக்கவில்லை. விளங்காத பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து என்ன செய்வது என்று சொன்னாளாம். நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நெல்லியடியில் எனக்குத் தெரிந்த போட்டோகொப்பிக் கடையில் சொல்லி வேலை எடுத்துக் கொடுத்தேன். தட்டச்சு, அச்சு எடுப்பது, கட்டுவது எல்லாம் அவள்தான். நீங்கள் இதை வாங்கிய கடைதான். கண்ணாடி போட்ட பிள்ளை ஒன்று, மிச்சக் காசைக் கையில் தரும்போது வலக்கையால் தந்திருக்கும். அவள்தான்.

ஆகவே என் கையேட்டை இப்போது அவள்தான் அடிக்கிறாள். முன்னைய பதிப்புகளில் 1506 என்று இருந்தது. அவளுடைய பெறுபேறு வந்த கிழமையே நான் என் கையெழுத்துப் பிரதியில் அதை 1505 ஆக்கிவிட்டேன். கொச்சி, கொல்லம் எல்லாம் எடுத்துவிட்டேன். வகுப்பிலும் சொல்வதில்லை. பிள்ளைகளின் நன்மைக்குத்தான். ஆனால் அந்தப் பிரதி அவள் கைக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒருநாள் தொலைபேசியில் எடுத்தாள். சேர், பதினோராம் பக்கத்தில ஆண்டு மாறிக் கிடக்குது, பார்த்து எழுதேக்க பிழைச்சுப் போச்சோ என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, இருக்கிறமாதிரியே அடி என்றேன். கடையில் இயந்திரம் தாள் தள்ளுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ‘சரி சேர்’ என்றாள்.

இன்று காலை அந்தக் கடைக்குத்தான் போனேன். வருகிற வெள்ளிக்கிழமை தனிப்பட்ட பரீட்சார்த்திகளுக்கு விண்ணப்பம் முடிகிறது. எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று போனேன். வீட்டில் சேட்டு மாற்றும்போதே வசனங்களையெல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டேன், எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உட்பட. போய், இருபது பிரதி வேண்டும் என்றேன். அவள் எண்ணிக் கட்டினாள்.

“விண்ணப்பம் வெள்ளிக்கிழமையோட முடியுது, பிள்ளை.”

“தெரியும் சேர். இஞ்ச எல்லாருக்கும் நான்தானே நிரப்பிக் குடுக்கிறன்.”

“உனக்கு?”

அவள் கயிற்றை முடிச்சுப் போட்டாள். பிறகு நிமிர்ந்து, “நீங்கள் இந்த முறையும் திருத்தப் போறியளோ சேர்?” என்றாள்.

“கூப்பிட்டால் போகத்தானே வேணும்.”

“அப்ப வேண்டாம் சேர்” என்று சிரித்துக்கொண்டு கொம்பியூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

நல்ல பிள்ளை. தன்னுடைய ஆசிரியர் திருத்துகிற இடத்துக்குத் தன் தாள் வந்தால் நீதியாக இருக்காது என்று நினைக்கிறாள். அந்தளவு நேர்மை. இல்லாவிட்டால் பகிடிக்குச் சொல்லியிருப்பாள். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பஸ் தரிப்பிடம் வரைக்கும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நீங்கள் ஏன் தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி. புத்தகத்தைத் திருப்புங்கள். பதினோராம் பக்கம். போர்த்துக்கேயர் வருகை. 1505 என்று இருக்கிறதா? அதன் தலையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும், கண்ணாடி இல்லாவிட்டால் தெரியாது. அதே பக்கத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே, வாசியுங்கள். சத்தமாக வேண்டாம். நானே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

‘1506 என்பதே பொருந்தும் என்பர். பரீட்சையில் 1505 என்று எழுதுக.’

அதை நான் எழுதவில்லை. என் பிரதியில் அது இல்லை. போன பதிப்பு அச்சாகி ஐந்நூறு போன பிறகுதான் கண்டேன். முதலில் கோபம் வந்தது. என் புத்தகத்தில் கைவைக்க இவள் யார் என்று. பிறகு இரண்டாவது வரியை வாசித்தேன். அன்றைக்கு வகுப்பில் அவள் எழும்பிக் கேட்ட கேள்விக்குப் பதில். இத்தனை வருட அனுபவமுள்ள ஆசிரியன் சொல்லியிருக்க வேண்டிய பதில், ஒரு மூச்சில். வேறு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறாள். ‘என்பர்’ என்று போட்டிருக்கிறாள், பாருங்கள். யார் என்று போடவில்லை.

நான் அவளிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எடுக்கச் சொல்லவும் இல்லை. போன மாதம் கம்பஸிலிருந்து ஒரு விரிவுரையாளர் கருத்தரங்கு ஒன்றுக்கு வந்தவர் இதைக் காட்டி, இரண்டே வரியில் உண்மையையும் காப்பாற்றிப் பிள்ளையையும் காப்பாற்றியிருக்கிறீர்கள், இப்படியான அடிக்குறிப்பு நான் கண்டதில்லை என்று மேடையில் சொன்னார். சபை கைதட்டியது. நான் எழும்பிக் கும்பிட்டேன், தம்பி. நன்றி என்றும் சொன்னேன்.

இது வரணி. அடுத்த தரிப்பில் நான் இறங்க வேண்டும். புத்தகத்தை இப்படித் தாருங்கள், ஒரு நிமிடம். பேனை சிவப்புத்தான், வேறு நிறம் நான் வைத்திருப்பதில்லை. அந்த அடிக்குறிப்புக்குப் பக்கத்தில் அவள் பெயரை எழுதுகிறேன். நி, து, ர்... பஸ் ஆடுகிறது, எழுத்துச் சாய்கிறது. பரவாயில்லை. ஆயிரம் பிரதியில் ஒன்றிலாவது சரியாக இருக்கட்டும்.

மகள் இது யார் என்று கேட்டால், எழுதினவரின் பெயர் விடுபட்டிருந்தது, சேர் திருத்தித் தந்தார் என்று சொல்லுங்கள்.

இல்லை, வேண்டாம். மகள் திரும்ப அந்தக் கடைக்குத்தான் கொப்பி எடுக்கப் போவா, அவளிடமே கேட்பா. அச்சுப்பிழை என்று சொல்லுங்கள்.